ஏடுகளும் ஆய்வாளரும்: அலுவிகாரை குறித்து ஒரு நோக்கு

மாத்தளை நகருக்கு வடக்கே, பாறைகளின் நடுவே அமைந்த அலுவிகாரை, பாளித் திரிபிடகம் முதன்முதலில் ஏட்டில் எழுதப்பெற்ற இடமாகப் போற்றப்படுகின்றது. கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமணி அபயன் காலத்தில் இது நிகழ்ந்தது என்பது மரபு. போரும் பஞ்சமும் பிடகங்களை மனனஞ் செய்து காத்த பிக்குகளை அழித்துவிடுமோ என்னும் அச்சமே எழுத்தாணியை எடுக்கச் செய்தது என்பர். எழுதிய செய்தியைக் கூறும் மகாவம்சம் இடத்தைக் கூறவில்லை. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நிகாயசங்கிரகமே மாத்தளையைச் சுட்டுகின்றது. பெருமை பேசுவோர் இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

ஏடுகள் இருப்பது வேறு. ஆய்வாளன் அவற்றை அடைவது வேறு. இந்தியாவிலிருந்து வந்த புத்தகோசர் அநுராதபுரத்து மகாவிகாரையில் நூல்களைக் கேட்டபோது, பிக்குகள் இரு செய்யுள்களைத் தந்து அவரைச் சோதித்தனர் என்கின்றது சூளவம்சம். அவற்றுக்கு விரிவுரையாக அவர் இயற்றியதே விசுத்திமக்கம். அதன் பின்னரே நூல்கள் கிடைத்தன. இன்றைய ஆய்வு மாணவன் அச்சோதனையை விரும்பியே ஏற்பான். அவனைத் தடுப்பது புலமைக் குறைவன்று, பயணச் செலவு.

1848இல் மாத்தளைக் கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கியபோது அலுவிகாரையின் நூலகம் அழிவுற்றது. பின்னர், இலங்கையில் அதிகாரியாயிருந்த ஹியூ நெவில் திரட்டிய 2227 சுவடிகள் 1904இல் பிரித்தானிய அரும்பொருளகத்தைச் சேர்ந்தன. அவற்றுக்கு ஏழு தொகுதிகளில், 1987 முதல் 1995 வரை, விவரப்பட்டியல் அமைத்தவர் இலங்கையரான கே. டி. சோமதாச. நாட்டின் ஏடுகளைப் பற்றி அவரே 1959–1964இல் வெளியிட்டது பெயர்ப்பட்டியல். இன்ன நூல் இன்ன இடத்தில் உண்டு என்பதை அறிய அது உதவும். ஆயின், பிரதியின் தொடக்கம், முடிவு, எழுதியவர், சிதைவு ஆகியவற்றை அறியாமல் பாடபேதம் நோக்குதல் அரிது. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடங்களைத் துணிந்தார். அவருடைய ஏடுகள் 1943இல் சென்னையில் அவர் பெயரால் நிறுவப்பட்ட நூலகத்தில் அடுத்த தலைமுறைக்கும் பயன்பட்டன.

அலுவிகாரைக்கு வருவோருக்கு ஓலையில் எழுதும் முறை காட்டப்படுகின்றது. காட்சியளவில் அது நன்றே. ஆயினும், பேராதனையில் பாளியோ தமிழோ பயிலும் முதுகலை மாணவனுக்கு வேண்டியது ஏட்டை விரித்து வைக்க ஒரு மேசையும், அதனை விளக்கும் பட்டியலுமே. இப்பணியைப் பல்கலைக்கழகம் மாத்தளை மாவட்ட விகாரைகளிலிருந்து தொடங்கலாம். சிங்கள எழுத்தில் பாளி வாசிக்கத் தெரிந்த இரு மாணவரை ஒரு விடுமுறைக்கு அனுப்பினாலே முதற் கட்டு ஏடுகள் பதிவாகிவிடும்.