வள்ளம் கழுவிய நீர்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிப் பாட்டு. தொண்டைமான் இளந்திரையனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் பாணன், எதிர்ப்பட்ட இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழிநெடுக என்னென்ன தின்னவும் குடிக்கவும் கிடைக்கும் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டே போகிறான். வகுப்பறையில் இதைத் தமிழர் விருந்தோம்பலுக்குச் சான்றாக நடத்துவார்கள். விருந்தை ஆக்கியவர் யார் என்ற கேள்வி தேர்வில் வருவதில்லை.

பாட்டில் கள் பல இடங்களில் வருகிறது. அவற்றில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது வலைஞர் குடியிருப்பு. அங்கே தங்கினால் பிழிந்த கள்ளும் சுட்ட மீனும் கிடைக்கும் என்பதோடு பாட்டு நிற்கவில்லை; கள் ஆன விதத்தையும் சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவிக் காய்ச்சுகிறார்கள். அகன்ற வாயுள்ள தட்டில் ஊற்றி ஆற்றுகிறார்கள். முளையரிசியை இடித்த அடையைக் கலக்கிறார்கள். இரண்டு பகல், இரண்டு இரவு சாடியில் விட்டு, பச்சை வாடை போனபின் வடித்து, விரலால் அலைத்துப் பிழிகிறார்கள். சமையல் குறிப்பாகவே எழுதிக்கொள்ளலாம், அவ்வளவு துல்லியம். ஆனால் மேலே நான் சேர்த்த 'கிறார்கள்' பாட்டில் இல்லை. ஆற்றி, கலந்து, கழித்து என்று எல்லாம் எச்சவினையாகவே நகர்கின்றன. செய்தவர் பெயரோ பாலோ இல்லை. கடைசியில் வரும் முற்றுவினை பாணனுக்கு உரியது: பெறுவீர்கள்.

இரண்டாவது நீர்ப்பெயற்று என்ற துறைமுகம். அது மாமல்லபுரமா, பாலாற்று முகத்துவாரத்து வயலூர், வசவசமுத்திரம் பக்கமா என்று வாதம் உண்டு. எப்படியானாலும் நாம் இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்தில் கடக்கும் கரைதான். இங்கே கள் காய்ச்சும் பெண்கள் வெளிப்படையாகவே வருகிறார்கள். ஆனால் கள் காய்ச்சுகிற வேலை வரவில்லை. அவர்கள் வள்ளம் கழுவுகிறார்கள். கழுவிய நீர் வழிந்து சேறாகிறது, சேற்றில் பன்றிகள் புரள்கின்றன. அந்தப் பன்றிகளோடு சேராதபடி ஓர் ஆண்பன்றியைக் குழியில் நிறுத்தி, நெல்மாவு ஊட்டிக் கொழுக்க வைத்திருக்கிறார்கள். அதன் கறியும் கள்ளும் பாணனுக்கு. வாக்கியத்தைப் பிரித்துப் பார்த்தால் பெண்கள் நீருக்கு அடைமொழி, நீர் சேற்றுக்கு, சேறு பன்றிக்கு. முதல் இடத்தில் வேலை இருக்கிறது, ஆள் இல்லை. இரண்டாம் இடத்தில் ஆள் இருக்கிறாள், வேலை இல்லை.

இதற்குச் சற்று முன்னால் அதே பட்டினத்தின் மாடங்களில் வேறு பெண்கள் பந்தாடுகிறார்கள். களைத்துப் போய், மணலில் பொற்கழங்கு ஆடுகிறார்கள். புலவர் அவர்கள் உடலை நின்று பார்க்கிறார். கள் காய்ச்சும் பெண்ணின் கையில் சாடிச் சூட்டில் பட்ட தழும்பு இருந்திருந்தாலும் நமக்குத் தெரிய வழியில்லை. 1889இல் உ.வே.சா. பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்த நாள் முதல் எத்தனையோ பேர் இந்த அடிகளை விளக்கியிருக்கிறார்கள். நீர்ப்பெயற்று எங்கே என்பதற்குச் செலவான மையில் கொஞ்சம் இந்தப் பெண்களுக்கும் செலவாகியிருக்கலாம்.

அரிசிக் கள் எளிய வேலை அல்ல. திராட்சையில் சர்க்கரை பழத்திலேயே இருக்கிறது. மிதித்துச் சாற்றைச் சாடியில் விட்டால் தோலிலும் காற்றிலும் உள்ள நொதியே வேலையைத் தொடங்கிவிடும். அரிசியில் இருப்பது மாவு. முளைவிட்ட தானியத்தின் நொதிப்பொருள் அதைச் சர்க்கரையாக்க வேண்டும், பிறகுதான் புளிக்கும். களி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது முளைமாவைக் கொட்டினால் அந்த நொதிப்பொருள் கெட்டுப்போகும். ஆகவே 'ஆற்றி' என்ற ஒரு சொல்லுக்குள் தலைமுறைகள் கைமாற்றிய அறிவு இருக்கிறது. அதைக் கைப்பக்குவம் என்று சொல்லி முடித்துக்கொள்வது நம் வழக்கம்.

அதே கடற்கரைக்குத் திராட்சை மதுவும் வந்தது. வசவசமுத்திர அகழாய்வில் அம்போரா சாடித் துண்டுகள் கிடைத்தன. புறநானூறு 56இல் நக்கீரர், யவனர் கொண்டுவந்த தேறலைப் பொற்கலத்தில் வளையணிந்த பெண்கள் ஏந்தித் தர, உண்டு மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். இங்கும் பெண் இருக்கிறாள், ஊற்றிக் கொடுப்பவளாக. அந்தத் தேறலைக் கடலுக்கு அப்பால் செய்தவர்களுக்காவது கணக்கு உண்டு. ரோமானியர் கேட்டோ தம் வேளாண் நூலில் 100 யூகெரா திராட்சைத் தோட்டத்துக்கு 16 பேர் வேண்டும் என்று பட்டியலிடுகிறார். உழைப்பாளிகள் 10 பேர், பன்றி மேய்ப்பவர் ஒருவர், மேற்பார்வையாளர், அவர் மனைவி என்று போகிறது அது. பெரும்பாலும் அடிமைகளின் கணக்கு; எஜமான் எழுதிய கணக்கு. பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் பன்றிக்கும் ஓர் ஆள் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட நூல் இங்கிலாந்தில் 1300க்கும் 1600க்கும் இடையே பெண்கள் வீட்டில் காய்ச்சி விற்ற ஏல், ஹாப்ஸ் சேர்த்த பீராகவும் பெருந்தொழிலாகவும் மாறியபோது எப்படி ஆண்கள் கைக்குப் போனது என்று காட்டுகிறது. முதல், கடன், சங்கம் எல்லாம் ஆண்களிடம் இருந்தன. தமிழில் அப்படியொரு வரலாறு எழுதப்பட வேண்டும். மறவர் ஊரில் வீட்டிலேயே அட்ட நெல்கள்ளைப் பெரும்பாணாற்றுப்படையே சொல்கிறது. அது எப்போது, யாரால் வீட்டைவிட்டுப் போனது?

இதைச் சொன்னால், மதுவுக்கு வக்காலத்தா என்று கேட்பார்கள். 2023 மே மாதம் செங்கல்பட்டு மாவட்டத்துச் சித்தாமூர்ப் பக்கமும், அதையடுத்த மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் விஷச்சாராயம் குடித்து 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெண்களும் அதில் உண்டு. அது யாரும் காய்ச்சியதல்ல, ஆலைக்கான மெத்தனால். நீர்ப்பெயற்றுக் கரையிலிருந்து அதிக தூரமில்லை. 2003 முதல் சில்லறை விற்பனை அரசின் டாஸ்மாக் கையில். மது பற்றிய நம் பேச்சில் பெண்ணுக்கு இன்று இரண்டே இடம்: கடையை மூடச் சொல்லிச் சாலையில் உட்காருபவள், அல்லது பிணத்தருகே அழுபவள். உட்காருபவள் பக்கம்தான் நானும். ஆனால் குடியின் வரலாற்றில் அவள் வெளியிலிருந்து வந்தவள் அல்ல.

அம்போரா உடைந்தாலும் அதன் கைப்பிடித் துண்டு தன்னை யாரென்று சொல்லிவிடும். அருங்காட்சியகத்தில் பெயர்ச்சீட்டோடு உட்காரும். அரிசிக் கள் விளைந்த சாடி உடைந்தால் மற்றுமொரு மண் ஓடுதான், சோற்றுப்பானை ஓடுகளோடு ஒரே குவியலில்.