அரிசாகாவில் அழிந்த பூ

ஜப்பானிய அரிசாகா ரைஃபிளில், தோட்டா அறைக்கு மேலே 16 இதழ்ச் சாமந்தி ஒன்று இருக்கும். பேரரசரின் முத்திரை. அது சிதைந்திருந்தால் உடனே '1945 சரணடைவு' என்று எழுதிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுதினேன். பாதிதான் சரி. சரணடைந்தபோது பூவை ராவி எடுத்தது நிஜம். ஆனா அதற்கு முன்பே, படையிலிருந்து கழித்துப் பள்ளிகளின் ராணுவப் பயிற்சிக்குக் கொடுத்த ரைஃபிள்களிலும் பூவை ரத்து செய்திருக்கிறார்கள், பெரும்பாலும் மேலே சின்னச் சின்ன வட்டங்கள் குத்தி. அதனால முதல்ல தடத்தைப் பாருங்க: அரம் ஓடியதா, அச்சு குத்தியதா? இதில் கொடுமை என்னன்னா, விலை ஏறட்டும்னு பூவை மறுபடி செதுக்கி விற்கிறவர்களும் உண்டு. செதுக்கிட்டா, அது தோற்ற சிப்பாயிடம் இருந்ததா, பள்ளிக்கூடப் பையனிடம் இருந்ததா என்று சொல்ல மிச்சமிருந்த தடமும் போச்சு.