சுவரை இடித்தது யாருடைய அதிகாரம்? – 1745 நாட்குறிப்புப் பதிவு ஒன்றை மறுபடி வாசித்தல்

2020 ஏப்ரல், ஈஸ்டருக்கு முந்தின வாரம். ஊரில் எல்லாக் கோவிலும் பூட்டிக் கிடந்தது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை ஆரம்பித்தது. நாங்கள் பரம்பரையாகக் கத்தோலிக்கர்கள். சித்தப்பா மட்டும் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார். மொட்டை மாடியில் பத்துப் பேரைக் கூட்டி ஜெபம் நடத்தப் போறேன் என்று அவர் சொன்னார். ஆதாரமாக அப்போஸ்தலர் நடபடிகள் 5:29ஐப் போட்டார். மனிதனை விட தேவனுக்குத்தான் கீழ்ப்படியணும் என்பது அதன் சாரம். அரசு வேலையில் இருக்கும் என் அக்கா விடவில்லை. "சித்தப்பா, உரோமையர் 13 படிங்க" என்று பதில் போட்டாள். ஆளும் அதிகாரம் கடவுளால் வந்தது, அதற்குக் கீழ்ப்படியணும் என்று பவுல் சொல்லும் இடம்.

நான் எதுவும் டைப் பண்ணவில்லை. ஆனால் தூக்கம் வரவில்லை. தொழில் புரோகிராமிங். ஒரே ஃபைலில் ஒன்றுக்கொன்று முட்டும் இரண்டு ரூல் இருந்தால், எது எதை மீறும் என்று தெரியாமல் என்னால் சும்மா இருக்க முடியாது. அன்றைக்கு ஆரம்பித்த வாசிப்பு விட்டு விட்டு இன்று வரை ஓடுகிறது. அதில் ஒரு பகுதிதான் இந்தப் பதிவு.

ஒரே தமிழ்ச் சொல்

முதலில் கண்ணில் பட்டது மொழி. சித்தப்பா வைத்திருக்கும் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான்: கீழ்ப்படி. கிரேக்க மூலத்தில் அப்படி இல்லை. ரோமர் 13ல் இருப்பது 'ஹுப்போதஸ்ஸோ'. ஒரு வரிசையில் கீழே நிற்பது, அமைப்புக்கு உட்பட்டு இருப்பது என்று அர்த்தம். நடபடிகளில் இருப்பது 'பெய்தார்கெயோ'. அதிகாரம் இட்ட கட்டளையைக் கேட்டு அதன்படி செய்வது.

ஆகா, பக் கிடைத்துவிட்டது என்று குதித்தேன். அமைப்புக்கு உட்பட்டு இரு, ஆனால் ஒவ்வொரு கட்டளையையும் செய்ய வேண்டியதில்லை. பிரச்சினை தீர்ந்தது! மறுநாளே தீத்து 3:1ஐப் பார்த்தேன். அங்கே ஆட்சியாளர்கள் விஷயத்தில் இரண்டு சொல்லும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. ஆக, அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு இதை முடித்துவிட முடியாது. இதைச் சொல்லாமல் விட்டிருந்தால் கட்டுரை இன்னும் அழகாக இருந்திருக்கும், ஆனால் அது நேர்மையில்லை.

சொல்லைத் தாண்டி ஆட்களைப் பார்த்தால் கொஞ்சம் தெளிவு கிடைக்கிறது. பேதுருவும் கூட இருந்தவர்களும் தடையை மீறிப் பேசினார்கள். அதற்குக் கிடைத்த அடியை வாங்கிக்கொண்டார்கள். திருப்பி அடிக்கவில்லை. ரோமர் 13ஐ எழுதிய பவுல் பல தடவை சிறைக்குப் போனவர். கட்டளையை மறுத்தவர்கள்தான், ஆனால் மறுப்பின் விலையை வேறு யார் தலையிலும் கட்டவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

சுலபமான வழக்கு

இந்தியாவில் இந்தக் கேள்வி நேருக்கு நேர் நீதிமன்றம் போனது பிஜோ இம்மானுவேல் வழக்கில். கேரளாவில் கிடங்கூர், யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேர். பள்ளியில் தேசிய கீதம் பாடும்போது எழுந்து மரியாதையாக நிற்பார்கள், பாட மாட்டார்கள். 1985 ஜூலையில் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 1986 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, நீக்கம் செல்லாது என்றது. பாடாமல் இருப்பது அவமதிப்பு ஆகாது, எழுந்து நிற்பதே மரியாதைதான், நம்பிக்கை உண்மையானதாக இருந்தால் அரசியல் சட்டம் அதைக் காக்கும் என்பது தீர்ப்பின் சாரம். மற்ற சபைகள் பல யெகோவா சாட்சிகளைக் கிறித்தவர்களாகவே ஏற்பதில்லை. நம் கேள்விக்கு அது தடையில்லை.

வாயைத் திறக்கவில்லை, ஆனால் எழுந்து நின்றார்கள். நான் கிரேக்க அகராதியில் தேடிய வித்தியாசம் அந்தப் பிள்ளைகளின் உடம்பிலேயே இருந்தது. அவர்கள் மறுத்ததால் இன்னொரு பிள்ளைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் முழுக்க அவர்களுக்குத்தான்.

ஆனால் இது சுத்தமான வழக்கு. எங்கள் ஊர் வழக்கு இவ்வளவு சுத்தமானதல்ல.

1745 அக்டோபர்

ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைத் தெரியாத புதுச்சேரிக்காரர் குறைவு. 1736ல் தொடங்கி 1761ல் அவர் சாகும் வரை எழுதியது. 1745 அக்டோபரில் ஒரு பதிவு வருகிறது. இன்று சம்பா கோவில் என்று நாம் சொல்லும் மாதா கோவிலின் முன்னோடிக் கட்டடத்தில், உள்ளே வடக்குப் பக்கம் ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் ஒடுக்கப்பட்ட சாதிக் கிறித்தவர்கள், இந்தப் பக்கம் மற்றவர்கள். ஒடுக்கப்பட்டவர்கள் பாதிரியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, பிறகு எதற்கு இந்தச் சுவர் என்று முறையிடுகிறார்கள். பாதிரியார் ஒத்துக்கொள்கிறார். சுவர் எடுக்கப்படுகிறது. எல்லோரும் கலந்து உட்காருகிறார்கள்.

நான் பார்த்தவரை இந்தப் பதிவை மேற்கோள் காட்டுகிறவர்கள் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். திருச்சபை சாதியை எதிர்த்தது என்று காட்ட இது போதும். எதிர்த் தரப்பு, சுவர் இருந்ததே என்று காட்ட இதே பதிவை எடுத்துக்கொள்ளும். இரண்டு பேரும் அடுத்த பத்தியைப் படிப்பதில்லை.

அடுத்து நடப்பது இது. வசதியான சாதிக் கிறித்தவக் குடும்பத்துப் பெண் ஒருத்தி மெல்லிய துணியும் நகையும் அணிந்து பூசைக்கு வருகிறாள். பாதிரியார் அவளை எல்லோர் முன்னிலையிலும் திட்டி வெளியே அனுப்புகிறார். சாதிக் கிறித்தவர்கள் கூடிப் போய்ச் சண்டை போடுகிறார்கள். பாதிரியார் கவர்னரிடம் புகார் சொல்கிறார். கவர்னர் துய்ப்ளே. நாலு சாதிக் கிறித்தவர்கள் கூடி நின்று பேசினால் பிடித்துக் காவலில் போடு என்று உத்தரவு வருகிறது. எதிர்ப்பு அடங்கிவிடுகிறது.

அதாவது, சுவர் எடுக்கப்பட்டது நியாயத்தால். எடுத்த சுவர் திரும்ப வராமல் பார்த்துக்கொண்டது போலீஸ். 'கடவுளா, அரசாங்கமா' என்று இந்தப் பதிவில் யாரும் கேட்கவேயில்லை. கடவுளின் ஆள் அரசாங்கத்தைக் கூப்பிடுகிறார், அரசாங்கம் உடனே வருகிறது. மூன்று வருஷம் கழித்து, 1748 செப்டம்பரில், ஆங்கிலேய முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதும் இதே கூட்டணியால்தான். நாட்குறிப்பில் அதுவும் விரிவாக இருக்கிறது. 1745ல் கூட்டணிக்குக் கைதட்டி 1748ல் முகத்தைத் திருப்பிக்கொள்ள முடியாது. ஒரே இயந்திரம்தான் இரண்டையும் செய்தது.

எழுதியவர் யார் என்பதும் முக்கியம். ரங்கப் பிள்ளை கிறித்தவர் அல்ல. அப்போது தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலி கிறித்தவர், இவருக்குப் போட்டியாளர். கிறித்தவர்களுக்குள் நடக்கும் குழாயடிச் சண்டையை எழுதுவதில் ரங்கப் பிள்ளைக்கு ஒரு ருசி இருக்கிறது. அந்த உப்பைக் கழித்துவிட்டுத்தான் வாசிக்கணும். ஆனால் கழித்தாலும் நிகழ்ச்சியின் எலும்புக்கூடு நிற்கிறது.

மூன்றாவது எஜமான்

அதே 1745 நவம்பர் 30, புனித அந்திரேயா திருநாள். இறந்துபோன மகன் நினைவாக உழவர்கரையில் கனகராய முதலி கட்டிய கோவிலுக்கு விழா. பெரிய விருந்து. யார் யாருக்கு எங்கே சமைப்பது, யார் எங்கே உட்காருவது என்று சாதிவாரியாக ஏற்பாடு. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஊருக்குள்ளே சுவர் போயிருந்தது. இங்கே சுவர் தேவைப்படவில்லை, பந்தியே போதும்.

இங்கேதான் எனக்கு மண்டையில் மணி அடித்தது. சித்தப்பாவும் அக்காவும் இரண்டு எஜமானைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். புதுச்சேரியில் எஜமான் எப்போதும் மூன்று. கடவுள், கவர்னர், சாதி. முதல் இரண்டு பேருக்கும் கீழ்ப்படியலாமா என்று விவாதம் நடக்கும். மூன்றாவதுக்கு மட்டும் விவாதமே இல்லாமல் கீழ்ப்படிவோம்.

ரோம் இதில் என்ன செய்தது? 1704 ஜூன் 23 அன்று போப்பின் தூதர் தூர்னோன் நம் ஊரிலிருந்துதான் மலபார்ச் சடங்குகளுக்கு எதிரான ஆணையை வெளியிட்டார். நோயில் கிடக்கும் ஒடுக்கப்பட்ட கிறித்தவரின் வீட்டுக்கே குருக்கள் போகணும் என்பதும் அதில் ஒன்று. நாற்பது வருஷ இழுபறிக்குப் பிறகு 1744ல் போப் பதினான்காம் பெனடிக்ட் அதைப் பெரும்பாலும் உறுதி செய்தார். ஆனால் நடைமுறையில், ஒடுக்கப்பட்டவர்களுக்கென்று தனிக் குருக்களை வைக்கும் ஏற்பாட்டுக்கும் இடம் கொடுத்தார். ஆணை இருந்தது, கூடவே சந்து பொந்தும் இருந்தது.

அந்தச் சாதிக் கிறித்தவர்கள் தரப்பில் கொஞ்சம் நின்று பார்ப்போம். அவர்களும் சொல்லலாமே: இது எங்கள் மனசாட்சி, பாதிரியாரும் கவர்னரும் எங்கள் வழிபாட்டில் தலையிடுகிறார்கள், நாங்கள் கடவுளுக்கு மட்டும்தான் கீழ்ப்படிவோம் என்று. 'கடவுளுக்கே கீழ்ப்படி' என்ற விதி தன்னளவில் காலியானது. கடவுள் குரல் எது, என் சாதிக் குரல் எது என்று அது பிரித்துக் காட்டாது. என் அளவுகோல் இதுதான்: உன் மறுப்புக்கு விலை கொடுப்பது யார்? கிடங்கூர்ப் பிள்ளைகள் தாங்களே கொடுத்தார்கள். 1745ல் மறுத்தவர்கள் வென்றிருந்தால், விலை கொடுத்திருப்பது சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

இந்த அளவுகோல் முழுமையானதில்லை. அந்தப் பெண்ணை நினைத்தால் இடிக்கிறது. சாதித் திமிரை அடக்கப்போன பாதிரியார் ஒரு பெண்ணின் உடையில்தான் அதைத் தொடங்கினார். அந்த விலையைக் கொடுத்தது அவள்.

அரசாங்கம் கதவாகும்போது

1881 செப்டம்பர் 21ஆம் தேதிப் பிரெஞ்சு ஆணை வேறு ஒரு வாசல். ஒருவர் தன் சாதி, மதம் சார்ந்த தனிச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்துக்குள் வரலாம். புதுக் குடும்பப் பெயர் எடுத்துக்கொள்ளணும். எடுத்த முடிவைத் திரும்பப் பெற முடியாது. இவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். முன்னால் நின்றவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. ஐரோப்பியக் காலணி போட்டு நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ் வரை வழக்காடி ஜெயித்தவர். லப்போர்த் என்று பெயர் வைத்துக்கொண்டார். அவர் வழியில் கையெழுத்துப் போட்டவர்களில் கிறித்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் நிறைய.

அவர்களைப் பொறுத்தவரை அரசாங்கத்துக்குக் கீழ்ப்படிவது அடிமைத்தனம் இல்லை. கோவிலுக்குள் கிடைக்காத சமத்துவத்துக்கு அது ஒரு கதவு. பிரெஞ்சுக்காரன் ஒன்றும் புனிதன் இல்லை, காலனிக்காரன்தான். இருந்தாலும் கதவு கதவுதான்.

அரசாங்கமும் கதவைச் சாத்தும். 1964ஆம் வருஷப் புதுச்சேரி பட்டியல் சாதிகள் ஆணை, கிறித்தவராகிவிட்டால் நீ பட்டியல் சாதி இல்லை என்கிறது. கல்லறைத் தோட்டத்தில் தெரிகிற சாதி, கெஸட்டில் மட்டும் மறைந்துவிடுகிறது. இங்கே ரோமர் 13ஐ நீட்டி, கீழ்ப்படி என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். கீழ்ப்படிகிறோம், வழக்கும் போடுகிறோம். இரண்டும் சேர்ந்ததுதான் 'உட்பட்டு இருத்தல்'.

பாட்டியின் இடம்

இப்போதுள்ள சம்பா கோவில் 1791ல் கட்டி முடிந்தது. சுவர் இருந்த பழைய கோவிலை 1761ல் ஊரோடு சேர்த்து ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கிவிட்டார்கள். அந்தச் சுவரின் ஒரு செங்கல்கூட இன்று இல்லை.

எங்கள் பாட்டி சாகும் வரை எந்தக் கோவிலுக்குப் போனாலும் வடக்குப் பக்கம், பின்னால்தான் உட்காருவார். நடுவில் இடம் காலியாக இருந்தாலும் போக மாட்டார். சின்ன வயசில் ஏன் ஆயா என்று கேட்டேன். "நம்ம இடம் இதுதாண்டா" என்றார். ஃபேன் இருக்கிற இடத்தைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாட்குறிப்பில் 'வடக்குப் பக்கம்' என்று படித்த ராத்திரிதான் அந்தப் பதில் எனக்கு உறைத்தது. தற்செயலாகவும் இருக்கலாம். நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

இதை வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போட்டேன். சித்தப்பா அந்த ஈஸ்டருக்கு மாடியில் கூட்டம் நடத்தவில்லை. கீழ் வீட்டில் ஆஸ்துமாக்கார முதியவர் ஒருவர் இருந்தார். "அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் தேவனுக்கு என்ன பதில் சொல்லுவேன்" என்று மட்டும் எழுதினார். அக்கா அதற்கு வசனம் எதுவும் போடவில்லை.