உளுந்து சாப்பிட்டால் பிள்ளை தங்காதா? 'எதிர்ச்சத்து' பயமுறுத்தல் பற்றி ஒரு விமர்சனம்

போன மாதம் குடும்பத்தோடு அழகர்கோவில் போயிருந்தோம். தரிசனம் முடிந்ததும் வழக்கம்போல பிரசாதத் தோசை வாங்கினேன். அரிசி, தோல் உளுந்து, மிளகு, சுக்கு, நெய் என்று எல்லாம் சேர்ந்து அந்தத் தடிமனில் வேறெங்கும் கிடைக்காது. ஒரு விள்ளல் பிய்த்துச் சித்தி மகளிடம் நீட்டினேன். "வேணாம்ணே. உளுந்துல எதிர்ச்சத்து இருக்காம். புள்ள தங்காதாம்" என்றாள். கல்யாணமாகி நாலு வருஷம். இரண்டு மாதமாகப் பருப்பு, பயறு எதையும் அவள் தொடுவதில்லையாம். கறியும் சாப்பிட மாட்டாள். அப்புறம் புரதத்துக்கு எங்கே போவாள்?

அவள் பார்த்த வீடியோவை அனுப்பச் சொல்லி இரண்டு தடவை பார்த்தேன். சுத்தப் பொய் என்று தள்ளிவிட முடியவில்லை, அதுதான் சிக்கல். அதில் சொல்லப்படும் பல விஷயங்களுக்குப் பின்னால் உண்மையான ஆராய்ச்சி இருக்கிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிற இடங்களில்தான் கோளாறு.

முதலில் உண்மை. நாம் சாப்பிடும் புரதத்தைக் குடலில் வெட்டித் துண்டாக்கும் நொதிகளில் முக்கியமானது டிரிப்சின். கணையம் அதைச் சுரக்கிறது. பயறு வகை விதைகளில் இந்த டிரிப்சினைப் பிடித்து முடக்கும் சின்னச் சின்னப் புரதங்கள் உண்டு. விதையைத் தின்ன வரும் பூச்சிக்கு எதிராகச் செடி வைத்திருக்கும் ஆயுதம் அது. சோயா, உளுந்து, கொள்ளு, தட்டைப்பயறு எல்லாவற்றிலும் கூடக்குறைய இருக்கிறது.

1917-லேயே ஆஸ்பார்ன், மெண்டல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பச்சைச் சோயாவைத் தின்ற எலிக்குஞ்சுகள் சரியாக வளரவில்லை, வேகவைத்துக் கொடுத்தால் வளர்கின்றன என்று காட்டினார்கள். 1945-இல் குனிட்ஸ் அந்தத் தடுப்பானைப் படிகமாகவே பிரித்தெடுத்தார். டிரிப்சின் முடங்கினால் உடம்பு "போதவில்லை போல" என்று நினைத்து இன்னும் அதிகமாகச் சுரக்கச் சொல்கிறது. எலிக்கும் கோழிக்குஞ்சுக்கும் கணையமே பெருத்துவிடுகிறது. நொதியும் புரதம்தானே? அதில் கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் நிறைய. அவை மலத்தோடு வீணாகப் போகின்றன. பச்சைச் சோயாவோடு மெத்தியோனைன் சேர்த்துக் கொடுத்தால் வளர்ச்சி தேறுவதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை வீடியோ சொல்வது சரி. இனிமேல்தான் தாவல்கள்.

முதல் தாவல், எலியிலிருந்து மனுஷிக்கு. பன்றிக்கும் கன்றுக்கும் நாய்க்கும் அதே தீவனத்தில் கணையம் அப்படிப் பெருப்பதில்லை. விலங்குக்கு விலங்கு கதை மாறுகிறது. ஆய்வுக் கட்டுரைகளில் வரும் "தடுப்பான் அளவு" அட்டவணைகளையும் கவனிக்க வேண்டும். பரிசோதனைக் குழாயில் பெரும்பாலும் மாட்டு டிரிப்சினை வைத்துத்தான் அளக்கிறார்கள். மனிதக் குடலில் என்ன நடக்கும் என்பதற்கு அந்த எண் நேரடி விடை ஆகாது.

இரண்டாவது, பச்சை விதையிலிருந்து தோசைக்கு. அட்டவணையில் இருப்பது பச்சை உளுந்தின் கணக்கு. ஊறவைத்து, ஆட்டி, சூட்டில் வேகவைத்ததின் கணக்கு வேறு. வீடியோவில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாவது, வளர்ச்சியிலிருந்து பிள்ளைப்பேற்றுக்கு. இதுதான் மோசம். எலிக்குஞ்சு எடை கூடவில்லை என்ற முடிவை வைத்துக்கொண்டு கல்யாணமான பெண்ணுக்குக் கரு தங்காது என்று சொல்ல எந்தப் பாலமும் இல்லை.

தடுப்பான் நேரடியாக இனப்பெருக்கத்தைத் தொடுகிற இடம் ஒன்று உண்டு, அது கொசுவிடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு குடித்த ரத்தத்தை டிரிப்சின் கொண்டு செரித்துத்தான் முட்டைக்கு வேண்டிய சத்தை எடுக்கிறது. டிரிப்சினை முடக்கினால் முட்டை குறையும். அந்தக் கொசுவின் சூலகமே, வேலை முடிந்ததும் டிரிப்சின் உற்பத்தியை நிறுத்தச் சொல்லும் ஒரு ஹார்மோனைச் சுரக்கிறது. டோவ் போரோவ்ஸ்கி குழுவினர் 1990-இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள், மொத்தமே பத்து அமினோ அமிலம். ஆனால் கொசு ஒரு வேளை ரத்தத்தை நம்பி ஒரு ஈடு முட்டை இடுகிற பிராணி. என் தங்கச்சி அப்படி இல்லை.

'எதிர்ச்சத்து' என்ற சொல்லே தப்பான பாடம் நடத்துகிறது என்பேன். சீம்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பசுவின் சீம்பாலிலும் டிரிப்சின் தடுப்பான் இருக்கிறது. 1951-இல் லஸ்கோவ்ஸ்கிகள் அதையும் படிகமாக்கினார்கள். கன்றுக்கு முதல் ஒரு நாளில் தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் குடல் வழியாக ரத்தத்துக்குப் போயாக வேண்டும். அதற்குள் டிரிப்சின் அவற்றை வெட்டிவிடாமல் காக்க இந்தத் தடுப்பான் உதவுகிறது. விதையில் இருந்தால் எதிரி, சீம்பாலில் இருந்தால் காவலா? பொருளின் குணம் ஒன்றுதான். யார், எந்த வயதில், எவ்வளவு, எப்படிச் சாப்பிடுகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இதனால் எதிர்த் தரப்புக்கு நான் வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். "முளைகட்டினால் எல்லாம் போயிடும், பச்சையா சாப்பிடுங்க" என்று கொள்ளை விற்கிறவர்களும் இதே தப்பைத் தலைகீழாகச் செய்கிறார்கள். மைசூர் சி.எஃப்.டி.ஆர்.ஐ. ஆய்வாளர்கள் முளைவிட்ட கொள்ளைப் பிரித்துப் பார்த்தபோது, தடுப்பான்கள் அழிந்துபோகவில்லை. நுனி நறுக்கப்பட்டுச் சிறுத்து, வேலை செய்கிற நிலையிலேயே இருந்தன. கொள்ளில் உள்ள வகை கொஞ்சம் கெட்டியானதும்கூட. ஏழு கந்தகப் பாலங்கள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, லேசான சூட்டுக்கு மசியாது. ஊறவைத்து, குக்கரில் நன்றாக வேகவிட வேண்டும்.

நம்ம பக்கத்து மாட்டுக்காரர்களுக்கு இது பழைய செய்தி. அலங்காநல்லூர், பாலமேடு பக்கம் காளைக்குக் கொள்ளை அவித்துத்தான் வைப்பார்கள். இத்தனைக்கும் வளர்ந்த மாட்டின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களே இந்தத் தடுப்பானில் பெரும்பகுதியைச் சிதைத்துவிடும். அந்த வசதி இல்லாத நாம் மாட்டுக்கு அவித்துப் போட்டுவிட்டு, பச்சையாகத் தின்பது என்ன நியாயம்?

தங்கச்சிக்கு இதையெல்லாம் போனில் சொன்னேன். "அப்ப தோசை திங்கலாமாண்ணே?" என்றாள். தின்னலாம், பருப்பையும் பயறையும் நன்றாக வேகவைத்துத் தாராளமாகச் சேர்த்துக்கொள், பிள்ளை விஷயத்தை டாக்டரிடம் கேள் என்றேன். அடுத்த வீடியோ வந்தால் மூணு கேள்வி கேட்கவும் சொல்லியிருக்கிறேன். எந்தப் பிராணியிடம் பார்த்தார்கள்? பச்சையா, வெந்ததா? எதை அளந்துவிட்டு எதைச் சொல்கிறார்கள்?