'யாரால்?' என்னும் வினா: 1944 பம்பாய்த் துறைமுக வெடிப்பும் மொழிபெயர்ப்பும்

அரசுகள் தம் பிழையை மறைக்கும்பொழுது செய்தியோடு வினைமுதலையும் மறைக்கின்றன. அத்தகைய தொடர்களைத் தமிழாக்குவோர் அம்மறைப்புக்குத் துணைபோக நேர்வதை இக்கட்டுரை ஒரு சான்று கொண்டு ஆராய்கிறது.

1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய் விக்டோரியா கப்பல்துறையில் நின்ற 'ஃபோர்ட் ஸ்டிக்கின்' என்னும் கப்பல் தீப்பற்றி இருமுறை வெடித்தது. ஏறத்தாழ 1,400 டன் வெடிபொருளும் பஞ்சுப் பொதிகளும் அதில் ஒருங்கே ஏற்றப்பட்டிருந்தன. ஆபத்தான சரக்கைக் குறிக்கும் செங்கொடி ஏற்றப்படவில்லை. தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். மொத்த உயிரிழப்பு 700க்கு மேல் என்பது முதல் 1,300 வரை பலவாறாகக் கணக்கிடப்படுகிறது. ஜப்பானியர் வசமிருந்த சைகோன் வானொலி மறுநாளே இதனை விரிவாக அறிவித்தது. பிரிட்டிஷ் இந்தியத் தணிக்கையோ மே மாதம் இரண்டாம் வாரம் வரை செய்தியாளர்தம் அறிக்கைகளைத் தடுத்து வைத்தது.

இந்நிகழ்ச்சியைத் தமிழில் மூவகையாகக் கூறலாம். 'தணிக்கை செய்தியைத் தடுத்தது' என்பதில் வினைமுதல் வெளிப்படை. 'செய்தி தடுக்கப்பட்டது' என்பதில் அது தொக்கு நிற்கிறது, எனினும் 'யாரால்?' என்னும் வினாவுக்கு இடமுண்டு. 'செய்தி தாமதமாயிற்று' என்பதிலோ அவ்வினாவே எழாது. 'விபத்து நேர்ந்தது' என்பதும் இவ்வகையினதே. 1984ஆம் ஆண்டுப் போபால் கொடுமையை 'விஷவாயு கசிந்தது' என்னும்பொழுது, வாயுவே எழுவாயாகி ஆலையை நடத்தியோர் மறைகின்றனர்.

குறை இலக்கணத்தினுடையது அன்று. செயப்படுபொருளை வினைமுதல் போலக் கூறும் வழக்கைத் தொல்காப்பியமும் ஏற்கிறது. அன்றாடப் பேச்சில் செய்தவரைக் கேட்போர் அறிவர். ஆதலின் அது வெறும் சுருக்கம். அரசு அறிக்கையில் கேட்போர் அறியார். அறியாதிருத்தலே அங்குப் பயன்.

மூலத்தில் இல்லாத எழுவாயை மொழிபெயர்ப்பாளர் சேர்க்கலாமா எனின், சேர்த்தல் தகாது. ஆனால் மூலத்தின் செயப்பாட்டு வினையைச் செயப்பாட்டு வினையாகவே தருதல் வேண்டும். 'படு' வரும் தொடர் செயற்கையாக ஒலிக்கிறது என்று கருதி, ஓசை நயத்துக்காக அதனை 'ஆயிற்று', 'நேர்ந்தது' என மாற்றுவோர், மூல ஆசிரியரே துணியாத அளவுக்கு மறைத்துவிடுகின்றனர். மேலே இக்கட்டுரையில் 'ஏற்றப்பட்டிருந்தன', 'ஏற்றப்படவில்லை' என எழுதியவையும் செய்தவரைச் சுட்டவில்லை. ஆயினும் அவ்வினாவை அடைக்கவில்லை.

இன்று தாராவியிலோ மாதுங்காவிலோ செம்பூரிலோ இவ்வரலாற்றைத் தமிழில் படிப்பவர்க்கு, தம் நகரில் மாண்டோர் பொருட்டு 'யாரால்?' எனக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைக் காப்பது ஒரு துணைவினையே எனினும், அதனைக் கைவிடுதல் மொழிபெயர்ப்பு அறமாகாது.