முட்டுச்சந்துக்கு உரியவர் யார்?

இஸ்லாமியக் கட்டடக் கலை என்றவுடன் குவிமாடத்தையும் மினாராவையும் வளைவுகளையும் நினைப்பவர்களே நம்மில் மிகுதி. கட்டாமல் விடப்பட்ட வெளியைக் குறித்தும் நம் சட்ட அறிஞர்கள் நுணுகி ஆராய்ந்துள்ளனர் என்பதை அரபுக் கல்லூரிகளில் ஓதியவர்கள் அறிவர். பட்டம் பெற்றபின் அதனை நினைவில் வைத்திருப்போர் குறைவு.

இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ நூலில், ‘சுல்ஹ்’ பாடத்தினுள் வழிகளைப் பற்றிய சிறுபகுதி ஒன்றுண்டு. ஊடுருவிச் செல்லும் பொதுவழி எல்லாருக்கும் உரியது. நடப்போருக்கு இடையூறான எதனையும் அதில் செய்தல் ஆகாது. முட்டுச்சந்தின் நிலை வேறு. அது அதன் மக்களுக்கு உரியது. அம்மக்கள் யாவர்? சந்தினுள் வாசல் திறந்திருப்பவர்களே. சுவர் மட்டும் ஒட்டியிருப்பவர்கள் அல்லர். அவர்களுள் ஒருவர் தம் மாடத்தைச் சந்தின்மேல் நீட்ட விரும்பினாலும் ஏனையோரின் இசைவு வேண்டும். ஒவ்வொருவரின் பங்கும் சந்தின் தலைப்பிலிருந்து அவரவர் வாசல் வரையில்தான் என்பதே இரு கருத்துகளில் வலுவானது என்கிறார் இமாம். பல்லடம், திருப்பூர் வட்டாரத்து முஸ்லிம்களில் ஹனஃபீக்களே மிகுதி. எனினும் முட்டுச்சந்து அதில் வசிப்போரின் கூட்டுரிமை என்னும் அடிப்படையில் ஹனஃபீ நூல்களும் மாறுபடவில்லை.

தனிவீட்டுக்கும் பொதுச்சாலைக்கும் நடுவே மூன்றாவதாக ஓர் இடத்தைச் சட்டமே ஏற்படுத்துகிறது என்பதே இதில் நாம் காண வேண்டிய நுட்பம். அவ்விடத்துக்குப் பெயர் சொல்லத்தக்க உரிமையாளர்கள் உண்டு. அவர்கள் ஒருவரையொருவர் அறிவர். ஒருவரிடம் ஒருவர் இசைவு கேட்டே ஆகவேண்டிய கட்டாயம் அவர்களை அண்டைவீட்டாராக்குகிறது.

இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு பல்லடம் சாலைப் பக்கமுள்ள வீரபாண்டியின் அடுக்குமாடிக் குடியிருப்பைப் பார்ப்போம். நகர்ப்புற ஏழைகளுக்கும் குடிசைவாழ் மக்களுக்குமாகப் பிரதமர் வீட்டுவசதித் திட்டத்தில் கட்டப்பட்ட இதன் 1,280 வீடுகளும், திருக்குமரன் நகரின் 1,248 வீடுகளும் 2021 பிப்ரவரியில் கோவையில் நடந்த விழாவில் திறந்துவைக்கப்பட்டன. ஒவ்வொரு வீடும் 400 சதுர அடி: பல்நோக்குக் கூடம், படுக்கையறை, சமையலறை, குளியலறை, கழிப்பறை. பொதுவசதிகளாகத் தார்ச்சாலை, தெருவிளக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம், நியாயவிலைக் கடை, அங்கன்வாடி, நூலகம், கடைகள் ஆகியவை அறிவிக்கப்பட்டன. ஏழைக்குக் கதவடைத்துக்கொள்ளும் குளியலறை கிடைப்பது சிறிய செய்தியன்று. அதனை இகழ்வோரோடு நமக்கு உடன்பாடில்லை.

ஆயினும் அப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். அதிலுள்ளவை வீட்டின் உள்ளே இருப்பவை, அல்லது அரசு நடத்துபவை. இடைப்பட்டதற்கு அதில் பெயரே இல்லை. படிக்கட்டும் நடைவழியும் கட்டடங்களுக்கு இடையிலுள்ள தரையும் யாருடையவை? எல்லாருடையவையும் என்பது விடையானால், 1,280 குடும்பங்களுக்கு உரியது ஒரு குடும்பத்துக்கும் உரியதன்று என்பதே நடைமுறையாகிவிடும். அங்கே எரியாத விளக்கைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்க முடியாது.

பல்லடத்திலும் அருள்புரத்திலும் பனியன் கம்பெனிக்கும் விசைத்தறிக்கும் செல்வோர் குடியிருக்கும் காம்பவுண்டு வீடுகளை யாரும் கட்டடக் கலை என்று சொல்லமாட்டார்கள். ஒரு கேட்டு, எதிரெதிரே இரண்டு வரிசை அறைகள், நடுவில் குழாய், தண்ணீர்த் தொட்டி, துணி துவைக்கும் கல், கொடி. நெரிசலும் கழிப்பறைக்கு வரிசையும் அங்கு உண்மை. அதனை அழகாக்கிப் பேசுவது பாவம். ஆனால் ஷிப்டுக்குப் போகும் தாய், எதிர்வாசல் அம்மாவிடம் பிள்ளையை விட்டுச் செல்வது அந்த நடுமுற்றத்தை நம்பித்தான். மின்ஹாஜின் முட்டுச்சந்து ஏறக்குறைய இதுவே. அறையின் இழிவைப் போக்க வந்த திட்டங்கள் முற்றத்தையும் சேர்த்துப் போக்கிவிடுகின்றன என்பதே நம் குறை.

முற்றத்தை வரைந்துவிட்டால் போதுமா என்றால், போதாது என்பதற்கு எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ சான்று. லக்ஸரின் பண்டைய கல்லறைகள்மீது குடியிருந்த குர்னா மக்களை இடம்பெயர்க்க 1945இல் தொல்பொருள் துறை அவரை அமர்த்தியது. பத்து முதல் இருபது வரையிலான உறவுக் குடும்பங்களுக்கு ஒரு சதுக்கம் என்று அவர் வகுத்தது மிகச் சரியான எண்ணம். மண்ணும் கவிகையும் கொண்டு பள்ளிவாசலும் சந்தையும் எழுந்தன. மக்களோ குடியேற மறுத்தனர். அவர்களின் பிழைப்பு பழைய மலைச்சரிவில் இருந்தது. குவிமாடமோ அவர்கள் கண்ணுக்குக் கல்லறையின் வடிவமாகப் பட்டது. பணி பாதியில் நின்றது. ஃபத்ஹீயின் ‘ஏழைகளுக்கான கட்டடக் கலை’ என்னும் ஆங்கில நூல் 1973இல் சிகாகோவில் வெளிவந்தது. பழியின் பெரும்பங்கை அதில் அவர் அதிகாரிகள்மீதே சுமத்துகிறார். பாதி நியாயம் உண்டு. ஆனால் கேட்காமல் கொடுக்கப்பட்ட சதுக்கத்துக்கு யார் உரிமையாளர் என்னும் வினா அந்நூலில் போதிய அளவு எழவில்லை. நம் சமுதாய ஏடுகள் ஃபத்ஹீயைப் போற்றும்போது குவிமாடத்தைப் போற்றிவிட்டுச் சதுக்கத்தை விட்டுவிடுவது இன்னொரு வேடிக்கை.

இந்தூர் நகரின் ஆரண்யா குடியிருப்பில் பாலகிருஷ்ண தோஷி வேறு வழியை மேற்கொண்டார். 1980களில் இந்தூர் வளர்ச்சி ஆணையத்துக்காக ஏறத்தாழ 6,500 மனைகள் வகுக்கப்பட்டன. மிக ஏழைகளுக்கு ஏறத்தாழ 35 சதுர மீட்டர் மனையும், அதில் கழிப்பறையும் தண்ணீரும் கொண்ட ஒரு தொடக்கமும் தரப்பட்டன. எஞ்சியதை அவரவர் கைக்காசுக்கு ஏற்பக் கட்டிக்கொண்டனர். சுவருக்கும் தெருவுக்கும் இடையே ஒரு சிறு கீற்று விடப்பட்டது. அதில் படியோ திண்ணையோ வீட்டுக்காரரே அமைக்கலாம். அரபு நகரங்களின் ‘ஃபினா’வும் இதுவே: பிறருக்கு இடரின்றி வீட்டார் பயன்படுத்தத்தக்க வாசற்புறம். துனீஸ் நகரில் கொத்தனாராயிருந்து, கட்டட வழக்குகளைக் குறித்து 14ஆம் நூற்றாண்டில் நூல் இயற்றிய இப்னுர் ராமீ ஆரண்யாவின் திண்ணைகளைக் கண்டிருந்தால் வியந்திருக்கமாட்டார். 1995இல் ஆகா கான் விருதை ஆரண்யா பெற்றது. ஏழைகள் பலர் மனையை விற்றுச் சென்றனர் என்னும் விமர்சனமும் அதற்கு உண்டு. அது திண்ணையின் குற்றமன்று, நிலவிலையின் குற்றம்.

தமிழகத்தில் அடுக்குமாடி தவிர்க்க முடியாதது என்பர். இருக்கலாம். ஆனால் மாடியிலும் முட்டுச்சந்து இருக்க முடியும். 2022ஆம் ஆண்டின் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் பொதுப்பகுதிகளில் ஒவ்வொரு உரிமையாளருக்கும் பிரிக்கப்படாத பங்கைத் தருகிறது. நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம் குடியிருப்போர் சங்கங்களிடம் பராமரிப்பை ஒப்படைக்க முனைகிறது. இரண்டும் நல்ல தொடக்கங்கள். ஆனால் பங்கு எதுவரை என்பதை இமாம் நவவீ காட்டிய நுட்பத்தோடு அவை வகுக்கவில்லை. ஒரே படிக்கட்டில் வாசல் திறக்கும் எட்டுக் குடும்பங்களுக்கு அப்படிக்கட்டும், அதன் அடியில் குழாயும் துவைகல்லும் உள்ள சிறுமுற்றமும் தனியே உரியனவாகட்டும். பக்கத்துப் படிக்கட்டார் அங்கே வண்டி நிறுத்த வேண்டுமாயின் அந்த எட்டு வீட்டாரிடம் கேட்கட்டும்.

பெண்களின் மறைவுக்கு இது இடையூறு என்று நம்மவரில் சிலர் கூறக்கூடும். அறிந்த எட்டு வீட்டார் மட்டும் புழங்கும் முற்றம் மறைவானதா, ஆயிரம் குடும்பத்தார் கடக்கும் நடைவழி மறைவானதா என்பதை அவர்களே சொல்லட்டும். வழியோரம் அமர்வதை நபிகள் நாயகம் (ஸல்) தடுத்தபோது, பேசுவதற்கு வேறு இடமில்லை என்று தோழர்கள் முறையிட்டனர். அண்ணலார் அத்தேவையை மறுக்கவில்லை, பார்வையைத் தாழ்த்துதல் முதலிய உரிமைகளை வழிக்கு விதித்தார்கள். பல்லடம் பகுதியில் ஏழைகளுக்கு வீடு கட்ட முன்வரும் ஜமாஅத்துகள், நிலம் வாங்கியதும் பொறியாளரிடம் முதலில் கேட்பது எத்தனை வீடுகள் வரும் என்பதையே. எந்த வாசல் எதை நோக்கித் திறக்கும் என்பதையும் அதே அமர்வில் கேட்டுவிடுவது நல்லது. அஸ்திவாரம் போட்டபின் அதனை மாற்ற இயலாது.