நான்கு ஜா, ஒரு வட்டம்

மரக் கடைசலுக்கு லேத் வாங்கிய கையோடு எல்லோரும் தேடுவது, மரத்தை லேத்தில் பிடித்து நிறுத்தும் சக். பெரிதாக இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், உடும்புப் பிடியாகப் பிடிக்க வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். எனக்கு இந்த உடும்புப் பிடியில் நம்பிக்கை கிடையாது. சாவியை மிதமாகத் திருப்பிய அளவிலேயே கிண்ணம் அசையாமல் நிற்க வேண்டும். கழற்றிப் பார்த்தால் மரத்தில் தழும்பு தெரியக் கூடாது. அப்படிப் பிடிக்கிற சக்கைத்தான் நான் ரசிப்பேன்.

இன்றைய சக் வருவதற்கு முன்பும் கிண்ணம் கடைந்துகொண்டுதான் இருந்தார்கள். லேத்தின் முகத்தட்டான ஃபேஸ்பிளேட்டில் மரத்தை வைத்துப் பின்னாலிருந்து திருகாணி முறுக்கினார்கள். திருகாணி ஓட்டை பிடிக்காதவர்கள் மரத்துக்கும் ஒரு வெட்டிப் பலகைக்கும் நடுவே காகிதத்தைப் பசை தடவி ஒட்டினார்கள். கடைந்து முடித்ததும் இடுக்கில் உளியை வைத்து ஒரு தட்டு. காகிதம் இரண்டாகப் பிரியும், கிண்ணம் கையோடு வந்துவிடும். சன்னபட்டணாவில் பொம்மை கடைகிறவர்கள் பாலைமரத் துண்டின் நுனியைச் செதுக்கி, குழல் போன்ற பிடிக்குள் அடித்து இறுக்கியே வேலை பார்ப்பார்கள். கைக்குள் அடங்கும் சாமானுக்கு அது நல்ல முறைதான். ஒரு அடி அகலக் கிண்ணத்துக்கு முடியாது. அதுவும் பச்சை மரமாக இருந்தால், விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு தடிமன் விட்டுக் கடைந்து, மாதக்கணக்கில் உலரவிட்டு, கோணிப்போன கிண்ணத்தை மறுபடி ஏற்றிக் கடைய வேண்டும். சக் தன் விலைக்கு ஈடாக உழைப்பது இந்த ஏற்றி இறக்கும் வேலையில்தான்.

இரும்பு லேத் பட்டறையில் பழகியவர் இந்தச் சக்கை முதலில் பார்த்தால் கொஞ்சம் குழம்புவார். அங்கே மூன்று ஜா, அதாவது பிடிக்கும் தாடை, உள்ள ட்ரூ சக் தானாக மையம் பிடிக்கும். நான்கு ஜா உள்ள டாக் சக்கில் ஒவ்வொரு ஜாவையும் தனியே திருகி, டயல் வைத்து மையம் தேட வேண்டும். மரத்துக்கான சக்கில் ஜா நான்கு, ஆனால் சாவியை ஒரு துளையில் விட்டுத் திருப்பினால் நான்கும் ஒன்றாக நகரும். உள்ளே ஒரு வட்டத் தட்டு. அதன் முகத்தில் சுருளாக ஓடும் மரை. ஜாவைச் சுமக்கும் நான்கு ஸ்லைடுகளின் அடியில் உள்ள பற்கள் அந்தச் சுருளில் ஏறி நடக்கின்றன. ஸ்லைடுகளில் 1 முதல் 4 வரை எண் இருக்கும். சுருள் என்பதால் பற்கள் ஒன்றில் இருப்பதைவிட அடுத்ததில் மரை இடைவெளியில் கால் பங்கு தள்ளி வெட்டப்பட்டிருக்கும். வரிசை மாற்றிப் போட்டால் மையம் போயிற்று. இப்படிச் சுருளில் நகரும் சக்குக்கு அமெரிக்காவின் கனெக்டிகட்டைச் சேர்ந்த சைமன் ஃபேர்மன் 1840-இல் காப்புரிமை பெற்றார். மரக்கடைசல்காரர் கைக்கு இது பரவலாக வந்தது 20-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். நியூசிலாந்தின் நோவா, ஆஸ்திரேலியாவின் விக்மார்க், கனடாவின் ஒன்வே, இங்கிலாந்தின் ஆக்ஸ்மின்ஸ்டர், ரெக்கார்டு பவர் என்று இன்று எடுத்துப் பார்க்க நிறைய இருக்கிறது.

ஆனால் பெயரைப் பார்ப்பதற்கு முன் ஜாவைப் பாருங்கள். நான்கு ஜாவும் தனித்தனியாகப் பிறந்தவை அல்ல. பொதுவாக முழு வளையமாகக் கடைந்து, பிறகு ரம்பத்தால் குறுக்கும் நெடுக்குமாக அறுத்து நான்காக்குகிறார்கள். ரம்பம் தின்ற இரும்பு போனது போனதுதான். அதனால் ஜாவை முழுக்க மூடினால் சரியான வட்டம் வராது. அந்த வெட்டின் அகலத்துக்கு, அதாவது சில மில்லிமீட்டர், இடைவெளி விட்டுத் திறக்கும்போதுதான் பழைய வளையம் திரும்பக் கூடும். அந்த ஒரே திறப்பில், கிண்ணத்தின் அடியில் பிடிப்பதற்காக விட்டுவைக்கும் கழுந்தைச் சுற்றி இரும்பு முழுக்கப் படியும்.

கழுந்து அதைவிடப் பெரிதானால் என்ன ஆகும்? ஜாவின் வளைவு கழுந்தின் வளைவைவிடக் குறுகலாகிவிடும். ஒவ்வொரு ஜாவிலும் இரண்டு முனைகள் மட்டும் மரத்தைக் கடிக்கும். மொத்தம் எட்டுக் கடி. கழுந்து சிறிதானாலோ, ஒவ்வொரு ஜாவின் நடுப்பகுதி மட்டும் தொடும். மொத்தம் நான்கு கோடு. இரண்டிலும் பிடி போதாது என்று சாவியை முறுக்குவோம். கிண்ண மரத்தில் இழை படுக்கையாக ஓடுவதால் கழுந்தைச் சுற்றி வரும்போது இரண்டு பக்கம் இழையின் தலைப்பு, இரண்டு பக்கம் இழையின் விலா. தலைப்பு தாங்கும், விலா நசுங்கும். நசுங்கிய இடம் தளரும். மறுபடி முறுக்குவோம். உடும்புப் பிடிக்காரர்கள் கிண்ணத்தைப் பறக்கவிடுவது பெரும்பாலும் இந்த வழியில்தான். பிடிக்கும் விட்டம் இத்தனை முதல் இத்தனை வரை என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதை நான் பொருட்படுத்துவதில்லை. எந்த விட்டத்தில் முழு வட்டம் என்பதே எனக்குத் தேவையான எண்.

ஜாவின் உட்சரிவு அடுத்தது. விக்மார்க்கில் டவ்டெயில், அதாவது புறாவால் போன்ற சரிவு. கழுந்தையும் அதே சரிவில் கடைந்தால், இறுக்கும்போது ஜா மரத்தைத் தன் முகத்தோடு சேர்த்து உள்ளே இழுக்கும். ஒன்வேயின் வழக்கமான ஜா வேறு மாதிரி; அதற்கு நேர்க்கழுந்து போதும். எது மேல் என்று லேத்காரர்கள் மணிக்கணக்கில் சண்டை போடுவார்கள். என் ஓட்டு டவ்டெயிலுக்கு. ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: கழுந்தும் கிண்ணத்தின் அடியும் சேரும் மூலை கூர்மையாக இருக்க வேண்டும், உருண்டிருந்தால் ஜாவின் உதடு அங்கே உட்காராது. கழுந்தின் நுனி சக்கின் அடியைத் தொடவும் கூடாது. கிண்ணத்தைத் தாங்குவது ஜாவின் முகத்தில் பதிந்த தோள்தான், அதாவது கழுந்தைச் சுற்றியுள்ள கிண்ணத்தின் அடி. கழுந்து அதை அங்கே இழுத்து வைத்திருக்கிறது, அவ்வளவே. அதனால் நீளக் கழுந்து தேவையில்லை. கால் அடி அகலக் கிண்ணத்துக்கு 6 முதல் 8 மி.மீ. நீளம் தாராளம். விட்டம் மட்டும் கிண்ணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையக் கூடாது. குழி பறித்து ஜாவை விரித்துப் பிடிப்பதும் உண்டு. சுற்றிலும் தடித்த மரம் இல்லையென்றால் பிளந்துவிடும்.

கடையில் சக்கைக் கையில் எடுத்தால் சாவியை முதல் கோடியிலிருந்து கடைசிக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். எங்கும் நெறுநெறுவென்று உரசக் கூடாது. ஜாவைப் பாதியளவு திறந்து ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் ஆட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாக ஆடினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் மூடியிருந்தால் மரத்தூள் சுருளுக்குள் போகாது. ஜா சுருளைவிட்டு முழுக்க வெளியேறாதபடி தடுக்கும் முளை இருந்தால் இன்னும் நல்லது. ஓடுகிற லேத்திலிருந்து கழன்று வரும் ஜாவை யாரும் கையால் பிடிக்க முடியாது. உடலின் விளிம்பும் ஜாவின் முனையும் மழுங்கலாக இருக்கட்டும். உங்கள் முட்டி என்றைக்காவது அதில் படத்தான் போகிறது.

லேத்தின் ஸ்பிண்டிலில் சக்கைப் பூட்டும் மரை விஷயம் சுருக்கமானது. சிறிய லேத்துகள் பலவற்றில் 1 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 8 மரை. ஐரோப்பியப் பெரிய லேத்துகளில் எம்33×3.5, வட அமெரிக்கப் பெரிய லேத்துகளில் 1¼ அங்குலம், 8 மரை. இடையில் அடாப்டர் போடும் சக்கை நாளை லேத் மாற்றினாலும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது சேர்க்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் கிண்ணத்தை பேரிங்கிலிருந்து தள்ளி நிறுத்துகிறது. லேத் மாற்றும் எண்ணம் இல்லாதவர் நேர்மரை உள்ளதையே வாங்கலாம். எதுவானாலும் சக்கின் முதுகு ஸ்பிண்டிலின் தோளில் இடைவெளியின்றி உட்கார வேண்டும். இங்கே ஒரு தூசு இருந்தால், எத்தனை விலை கொடுத்த சக்கும் ஆட்டம் போடும்.

அரை அடிக் கிண்ணம் வரை கடைகிறவருக்கு 100 மி.மீ. உடலும் 50 மி.மீ. ஜாவும் போதும். 120 மி.மீ. சக்கைச் சின்ன லேத்தில் மாட்டினால் பேரிங்தான் அவதிப்படும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு ஜா செட் வாங்குவதைவிட இன்னொரு சக்கே வாங்குங்கள். எட்டுத் திருகாணி கழற்றி மாட்டும் சலிப்பு நல்ல கடைசல்காரரையும் அளவு பொருந்தாத ஜாவிலேயே ஒப்பேற்ற வைத்துவிடும். கடைக்காரரிடம் எத்தனை கிலோ, எத்தனை அங்குலம் என்று கேட்க வேண்டாம். எந்த விட்டத்தில் இந்த ஜா முழு வட்டமாகக் கூடும் என்று கேளுங்கள். தயங்காமல் எண்ணைச் சொல்பவரிடம் வாங்கலாம்.